பொம்பள பாடும் பாடுதான்

2022 நவம்பர் 19, சனிக்கிழமை, மாலை நான்கு நாற்பது. வாடைக் காற்று. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. காலையிலிருந்து ஏரியில் ஒரு படகும் இறங்கவில்லை. வலை பின்னுகிற கூடத்தில் முப்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பெண்கள் ஒன்பது பேர், கூரையின் ஓரமாக, தூறல் தெறிக்கிற பக்கம். நான் ஸ்பீக்கர் பெட்டியை ஒரு ஐஸ் பெட்டியின்மேல் வைத்தேன். ஈரம் ஏறிவிடுமோ என்ற பயத்தில் அடியில் என் துண்டை நான்காக மடித்துப் போட்டேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். செத்துப் பன்னிரண்டு வருஷமான மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் "வந்துட்டோம் சார்" என்றார். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குரல் என் நண்பருடையது. பள்ளிக்கூட வேலையில் இருந்தவர். கூட்டங்களில் பேசுகிறார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். அதற்கப்புறம் பேசுவதே வேலையாகிவிட்டது. எந்தக் கட்சியிலும் ஆறு மாதத்துக்கு மேல் அவரால் இருக்க முடிந்ததில்லை. எந்தக் கட்சிக்கும் அவரை ஆறு மாதத்துக்கு மேல் பொறுக்க முடிந்ததில்லை என்றும் சொல்லலாம். பத்திரிகை யார் கையில் இருக்கிறது, ஒரு தெருவுக்கு வருகிற குழாய்த் தண்ணீர் அடுத்த தெருவுக்கு ஏன் வருவதில்லை, கடலில் போகிறவன் செத்தால்தான் செய்தியாகிறான், அப்போதும் பெயரில்லாமல் எண்ணிக்கையாக மட்டும் ஏன் வருகிறான் என்பதெல்லாம் அவருடைய பேச்சு. ஒரு மணி நேரம் பேசினால் மறுநாள் பேப்பரில் ஒரு வரி வரும், அதுவும் அவர் சொல்லாததாக இருக்கும். அதனால்தான் "நீ பதிவு பண்ணு. எவனும் வெட்ட முடியாது" என்பார். டேப்ரிக்கார்டர் என்னுடையது. நான் பிறந்தது இந்தக் குப்பத்தில்தான். படித்து, பொன்னேரியில் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதப் போய்விட்டவன். விடுமுறை நாளில் அவர் போகிற இடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். திருப்பாலைவனத்தில் களத்துமேட்டில் பேசியிருக்கிறார், பசியாவரத்தில் படகிலேயே நின்று பேசியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இந்த வலைக் கூடத்திலும் பேசினார்.

கேசட்டுகள் இருபத்து மூன்று. நான்கில் பூஞ்சை பிடித்துவிட்டது. உப்புக் காற்று பட்டால் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்திருந்தும், ஓய்வு பெற்று இங்கே திரும்பி வந்தபோது அவற்றைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்திருந்தேன். மகன் வெளியூரில். மனைவி போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. அதன் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். பழவேற்காடு பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவர் மிச்சமிருந்த பத்தொன்பதையும் நகம் அளவு கார்டில் ஏற்றிக் கொடுத்தார்.

பகலில் போட்டுக் கேட்பேன். பேச்சின் நடுவில் அவர் தண்ணீர் குடிக்க நிறுத்துவார். அந்த இடைவெளியில் நானும் காத்திருப்பேன். ஒருநாள் பார்த்தால் சொம்பை எடுத்துப் பெட்டிக்கு எதிரே வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இதைத் தனியாகக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. நம் கூடத்தில் பேசியது நம் கூடத்திலேயே ஒலிக்கட்டும் என்று ஊர்க்காரர்களைக் கூப்பிட்டேன்.

அவர்கள் அவருடைய பேச்சைக் கேட்க வரவில்லை என்பது ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பேச்சுக்குப் பின்னால் இருக்கிற சத்தங்களைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். "அத்த திருப்பிப் போடு. அது எங்க நைனா இருமலு" என்றான் ஒருவன். போட்டேன். நைனா மறுபடியும் இருமினார். இன்னொரு இடத்தில் யாரோ பீடிக்கு நெருப்புக் கேட்டார்கள். "அண்ணந்தான். செத்தும் நெருப்புக் கேக்குறான் பாரு" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இப்படியே ஒவ்வொரு வீடாக, தங்கள் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார்கள். கூடத்தில் முப்பத்தாறு பேர். பெட்டிக்குள் அதைவிடக் கூட்டம்.

ஓரத்தில் இருந்த ஒருத்திக்கு மட்டும் யாரும் கிடைக்கவில்லை. அவள் புருஷன் அந்த வருஷம் மாசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தவன். பேச்சு பதிவானபோது அவன் சிறுவன், அன்றைக்கு இங்கே இருந்தானோ இல்லையோ. இருந்திருந்தாலும் அவனுக்கு வேறு குரல். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, இல்லாத ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெட்டிக்குள், பின்வரிசையிலிருந்து யாரோ, "எங்க பாட்டயும் கொஞ்சம் பேசு சார்" என்று கத்துவது கேட்டது. நண்பர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சொன்னார்: "பாடுன்னா ஆம்பள பாடு மட்டும் இல்ல. வீட்டுல இருக்கற பொம்பள பாடும் பாடுதான். அதையும் கணக்குல சேக்கணும்."

வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் இது சாதாரணப் பேச்சு. பாடு என்றால் கஷ்டம், உழைப்பு. எங்கள் குப்பங்களில் பாடு என்றால் வேறு. ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிற இடத்துக்கும், எந்த இடத்தில் எந்த நாள் யார் கட்டுவது என்ற முறைக்கும் அதுதான் பெயர். தை மாதம் கரையில் சீட்டுக் குலுக்கி முறை பிரிப்பார்கள். கல்யாணமாகி ஊர் வரி கட்டுகிற ஆண், அதாவது தலைக்கட்டு, அவன் பெயர் மட்டும்தான் சீட்டில் இருக்கும். மகன் இருந்தால் அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கு வரும். ஓரத்தில் இருந்தவளுக்கு மகன் இல்லை. ஒரே மகள், பழவேற்காட்டில் ஒன்பதாவது படிக்கிறாள். வருகிற தையில் புருஷன் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஏரியில் அந்த வீட்டுக்கு ஒரு முழம் தண்ணீர்கூடக் கிடையாது. மற்றவர்கள் பிடித்த இறாலைக் கூடையில் சுமந்து விற்று மகளைப் படிக்கவைக்க வேண்டியதுதான்.

"மாமா, அத்த இன்னொரு தபா போடுங்க" என்றாள்.

போட்டேன்.

"கேட்டீங்களா?" என்றாள், யாரையும் பார்க்காமல். "பொம்பள பாடும் பாடுதானாம். கணக்குல சேக்கணுமாம்."

"இன்னாமே, செத்துப்போன ஆளு உனக்கு வந்து சீட்டுக் குலுக்குவாரா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் தன் செல்போனை எடுத்துப் பெட்டியின் வாயருகே பிடித்து, "இன்னும் ஒரே ஒரு தபா மாமா" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"ஊர்க்கூட்டத்துல இத்த போட்டுக் காட்டணும் மாமா. பொம்பளைங்க அங்க பேச முடியாது. நீங்க பேசணும்."

"அவர் அதைச் சொல்லலம்மா. அவர் சொன்னது கஷ்டத்த. நம்ம ஊரு பாடு அவருக்கு இன்னா தெரியும்?"

"மனசுல இன்னா இருந்துச்சோ. வாயில பாடுதான வந்துச்சு?"

"அப்படிப் பார்க்கக் கூடாது."

"இல்லாதத சொல்லச் சொல்லல மாமா. இருக்கறத இருக்கறபடி போடுங்க, போதும்."

எனக்கு ஒரு வழி தோன்றியது. நானும் இந்த ஊரில் பிறந்து, கல்யாணம் ஆனவன்தான். வேலைக்குப் போன நாளிலிருந்து வரி கட்டாததால் என் தலைக்கட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. கட்டி எழுப்பினால் எனக்கு ஒரு பாடு வரும். அதை அவள் எடுத்துக்கொள்ளலாம். சொன்னேன்.

அவள் கூடையைத் தூக்கிச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டாள். "உங்க பாட்டுல நான் புடிச்சா அது நீங்க போட்ட சோறு மாமா. நாளிக்கு உங்க புள்ள வந்து குடுன்னா குடுத்துடணும். எனக்கு எங்கூட்டுப் பாடுதான் வேணும்."

அவள் போன பிறகு அந்த இடத்தைப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். அவர் நினைத்தது கஷ்டம்தான் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டேன். நிச்சயமாகிவிட்டால் கூட்டத்தில் போய் அப்படியே சொல்லிவிடலாம், அவள் கோபித்துக்கொண்டாலும் உண்மை உண்மை. பின்வரிசையிலிருந்து கத்தின குரலுக்கும் அவர் பதிலுக்கும் நடுவே நான்கு விநாடி மௌனம். ஏழாவது முறை கேட்கும்போது அந்த மௌனத்தில் ஏதோ இருப்பது தெரிந்தது. ஹெட்போன் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டேன். மைக்குக்கு மிக அருகில் யாரோ கிசுகிசுக்கிறார்கள். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு தரையில் விழுகிற சத்தம் பாதியை மூடிவிடுகிறது. "...ன்னா இங்க..." என்பது மட்டும் கேட்கிறது.

அது என் குரல்.

மைக்குக்குப் பக்கத்தில் இருந்தவன் நான் மட்டும்தான். அவர் காதில் நான் எதையோ சொல்லியிருக்கிறேன். 'பாடுன்னா இங்க வேற அர்த்தம்' என்று எடுத்துச் சொன்னேனா? 'டேப் தீரப்போகுதுன்னா இங்க நிறுத்துங்க' என்று சொன்னேனா? எனக்கு நினைவே இல்லை. முதலாவதாக இருந்தால் அவர் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் முறையைத்தான், எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து, நேருக்கு நேர் கேட்டிருக்கிறார். அது அவர் குணத்துக்குப் பொருத்தம்தான். அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானே வாங்கவில்லை.

பதினேழு முறை கேட்டதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கு வேண்டியது கேட்க ஆரம்பித்துவிடும் என்று பயமாக இருந்தது. செத்தவரைக் கேட்க முடியாது என்பது சரி. உயிரோடு இருக்கிற நானே என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மத்தியான வெயிலில், கதவு திறந்திருக்க, முப்பது வருஷத்துக்கு முந்திய நான் என் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தேன். ஹெட்போனைக் கழற்றின பிறகும் நிற்கவில்லை. கிணற்றடியில் வாளி இறங்கும்போது அதே "ன்னா இங்க".

இதற்குள் அந்தப் பதினோரு விநாடி ஊரை விட்டுப் போய்விட்டது. அவளுடைய மகள் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். கோட்டைக்குப்பத்தில் மீன் கூடைக்காரி ஒருத்தியின் செல்போனில் அழைப்பு மணியாகவே அது ஒலிப்பதை நானே கேட்டேன். நாற்பத்தேழு நிமிஷப் பேச்சில் பதினோரு விநாடி. எவனும் வெட்ட முடியாது என்று சொன்னவர். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பேப்பர்காரர்கள் வெட்டினால் அவர் பேச்சு செத்துப்போகும். இது வெட்டின பிறகு நடமாடுகிறது.

ஊர்க்கூட்டம் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே வலைக் கூடத்தில். அன்றைக்கும் தூறல். ஊர்த் தலைவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சின்ன வயதில் என் தோளில் ஏறி ஏரி பார்த்தவர்.

"ஆபீசரு பேச எழுந்துட்டாரு. தலைக்கட்டு உண்டா ஆபீசரே?" என்றார்.

"இல்ல. கட்டிடறேன்."

"எத்தினி வருஷம்?"

"நாப்பத்தாறு."

"இன்னிக்கி வரி இருநூறு. போட்டுக்க."

நான் விடவில்லை. நான் வேலைக்குப் போன வருஷம் வரி ஐந்து ரூபாய்தான், அப்புறம் பத்து, அந்தந்த வருஷத்துக் கணக்குப்படி போட்டால் மொத்தம் பாதிகூட வராது என்றேன்.

"அந்த வருஷத்துக்குப் பேசணும்னா அந்த வருஷத்து ரேட்டு குடு. இன்னிக்கிப் பேசணும்னா இன்னிக்கி ரேட்டு" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. கட்டினேன்.

பெட்டியை வைத்தேன். துண்டு கொண்டுவர மறந்திருந்தேன். பதினோரு விநாடியும் ஒலித்தது. பெண்கள் கூடத்துக்கு வெளியே, தூறலில் நின்றிருந்தார்கள். அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று நான் பார்க்கவில்லை.

"இப்ப நீ சொல்லு" என்றார் தலைவர். "நீ கூட இருந்தவன். அவரு நம்ம பாட்டத்தான் சொன்னாரா?"

ஆமாம் என்று சொன்னால் அவளுக்குப் பாடு. இல்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். முப்பது முகம் என்னைப் பார்த்தன.

"அவர் நினைச்சது இன்னான்னு எனக்குத் தெரியாது" என்றேன். "சொன்னது பாடு. பொம்பள பாடும் பாடுதான்னு சொன்னார், கணக்குல சேக்கணும்னு சொன்னார். நம்ம ஊருல உக்காந்து சொன்னார். நம்ம ஆளு கேட்டதுக்குப் பதிலாச் சொன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ரெண்டு பக்கமும் கால வெக்கிறான்யா."

"பொம்பள பேரு சீட்டுல ஏறினா நாளிக்கு நோட்டு பூரா பொம்பள பேருதான்" என்றான் இன்னொருவன்.

"ஏறட்டுமே, நீ வலை கட்டுற லட்சணத்துக்கு உம் பொண்டாட்டியே கட்டலாம்" என்று வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது. தலைவர் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. கடைசியில், அன்றைக்குப் பெட்டிக்குப் பதில் சொன்ன பெரியவர் எழுந்தார். "பொம்பள பேரு வேணாம். செத்தவன் பேர எதுக்கு அடிக்கணும்? பெட்டியில பாரு, எத்தினி பேரு செத்தும் பேசிக்கினு கீறாங்க. அவன் பேரு சீட்டுல இருந்துட்டுப் போவட்டும். பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும். வரிய அவ கட்டட்டும், அவன் பேர்ல."

அதையே முடிவாக்கினார்கள். வெளியே போய் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டது தன் வீட்டுப் பாடு, தன் பெயரில். கிடைத்தது செத்தவன் பெயரில்.

"கூப்டா அவரா வரப்போறாரு?" என்றாள். "நாந்தான் வருவேன்."

தையில் குலுக்கல். மேகமே இல்லாத காலை. எங்கள் வழக்கம், சீட்டை எடுத்ததும் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றுக்குள் அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். இருபத்தெட்டாவதாக அவன் பெயர் வந்தது. கரையோரத் தண்ணீரில் நின்றிருந்த தலைவர் வழக்கமான குரலில் கூப்பிட ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி நின்றார். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் முகத்துவாரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டார்.

"கீறேன்" என்றாள் அவள்.

தலைவர் சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி வந்து, அவர் விரல்களிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். சுமாரான இடம்தான், வடக்கே ஆழம் குறைந்த பக்கம்.

அவள் முறை வருகிற நாளில் கூலிக்கு இரண்டு ஆள் வைத்துக்கொண்டு அவளே படகில் போகிறாள். ஊர் அவள் முறை என்று சொல்வதில்லை. "இன்னிக்கி அவன் பாடு" என்கிறார்கள், பெயரைச் சொல்லி. சாயங்காலம் கரையில் நிற்கும்போது கேட்கிறது. "அவன் வலை கட்டிட்டானா?" "இன்னும் கட்டல, காத்து மாறட்டும்னு நிக்கிறான்." முதலில் கேட்டபோது அவனைத் தேடி ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. தூரத்தில் படகில் சேலை தெரிகிறது, இவர்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பீரோவில் இன்னொருவர் பேசக் காத்திருக்கிறார். நான் போடுவதில்லை. போடாவிட்டாலும் அந்த நான்கு விநாடி நாளில் ஒரு தடவை, இரண்டு தடவை வந்துவிடுகிறது.

மாசி மாதம் அக்கம்பக்கத்துக் குப்பங்களின் பெரியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் தாலி அறுத்த பெண்கள் புருஷன் பெயரை அடிக்கக் கூடாது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்களாம், செல்போனைத் தூக்கிக் காட்டுகிறார்களாம். எல்லாம் இங்கிருந்து வந்த பேச்சு என்றார்கள். ஊருக்குள் வெளியாள் பேச்சை ஓட்டினதற்கு எனக்கு ஐந்நூற்று ஒன்று அபராதம் போட்டார் தலைவர். போடும்போது, "கோச்சிக்காத அண்ணே, வந்தவங்களுக்கு ஏதாவது காட்டணும்ல" என்றார். அவளுக்கு விஷயம் தெரிந்து கூடையில் இறாலோடு வந்தாள். அபராதத்தைத் தான் கட்டுவதாகச் சொன்னாள். சொன்னது நான் இல்லையே, பெட்டிதானே என்றேன். "பெட்டிய தூக்கிக்கினு வந்தது நீங்கதான மாமா" என்று சிரித்தாள். இறாலை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்தாறு வருஷத்து வரி ஒன்பதாயிரத்து இருநூறு. அபராதம் ஐந்நூற்று ஒன்று. கேசட் ஒன்றுக்கு நூற்றைம்பது வீதம் பத்தொன்பது கேசட்டைக் கார்டில் ஏற்ற இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. கூட்டத்தன்று தூறல் ஏறிப் பெட்டியின் இடது பக்கம் ஊமையாகிவிட்டது, அதற்கு எண்ணூற்றைம்பது. ஹெட்போன் இதில் சேரவில்லை, அது எனக்காக வாங்கினது. ஆக, என் செலவு பதின்மூவாயிரத்து நானூற்று ஒரு ரூபாய்.